நம்பர் பொய் சொல்லுமா?

(மூன்றாமாண்டு மாணவர், ஆட்டோமொபைல் பிரிவு)

போன வருஷம் என் தாய்மாமா ஒரு பழைய புல்லட் வாங்கக் கிளம்பினார். "நீதான் ஆட்டோமொபைல் படிக்கிறியே, கூட வாடா மாப்ள" என்று என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். புரோக்கர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அடடா! டேங்கில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஆர்.சி. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மாமா ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, நான் வண்டியின் கழுத்துப் பகுதியில் குத்தியிருந்த சேஸிஸ் நம்பரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் சரி. மாமா பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் எங்கள் வொர்க்ஷாப் சார் சொன்னது நினைவுக்கு வந்தது. "நம்பரைக் கண்ணால பார்க்காதே, பென்சிலால பாரு." சட்டைப் பையில் இருந்த வெள்ளைத் தாளை நம்பர் மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். இன்ஷூரன்ஸுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் நாம் எடுக்கிற அதே பென்சில் அச்சுதான். கறுப்புத் தாளில் எண்கள் வெள்ளையாக எழுந்து வந்தன. கண்ணுக்கு 8 ஆகத் தெரிந்த ஒரு எண்ணில் வலது பாதி ஆழமில்லாமல் பழசாகவும், இடது பாதி கூர்மையாகப் புதுசாகவும் இருந்தது. சுற்றிலும் மெல்லிய கோடு கோடாக உப்புத்தாள் தேய்த்த தடம். 3-ஐ 8 ஆக்கியிருந்தார்கள்!

"நம்பர்தான் சரியா இருக்கேடா?" என்றார் மாமா.

"நம்பர் சரியா இருக்கு மாமா. இரும்புதான் சரியில்ல."

டீ கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு பழைய பைக்குக்கே இந்த வேலை நடக்கிறது என்றால், கோடிக்கணக்கில் விலை போகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் என்னென்ன நடக்கும்? அங்கே அசலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தேடிப் படிக்கத் தொடங்கியதும் எல்லாப் பாதையும் ஒரே காரில் வந்து நின்றது. அது இங்கிலாந்தின் ஜாகுவார் ஈ-டைப். அதிலும் 1961-ல் வந்த முதல் வலதுகை ஸ்டியரிங் வண்டிகள்.

ஜெனீவாவில் ஒரு காலை

1961 மார்ச் 15. ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் மோட்டார் கண்காட்சி. அங்கேதான் ஜாகுவார் நிறுவனத் தலைவர் சர் வில்லியம் லயன்ஸ் ஈ-டைப்பை உலகத்துக்குக் காட்டினார். ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்ட கூட்டம் தாங்க முடியாமல் போகவே, "இன்னொரு வண்டியை அனுப்பு" என்று கோவென்ட்ரி தொழிற்சாலைக்குத் தகவல் பறந்தது. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் ஒரு திறந்த காரை எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஐரோப்பாவைக் கடந்து ஜெனீவா வந்து சேர்ந்தார். அந்தக் காரின் பதிவு எண் 77 ஆர்.டபிள்யூ. சேஸிஸ் நம்பர் 850003. இந்த நம்பரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

3781 சி.சி. ஆறு சிலிண்டர் எஞ்சின், மூன்று எஸ்.யு. கார்புரேட்டர்கள், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். அன்றைய பத்திரிகைச் சோதனையில் மணிக்கு 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர் சொச்சம்! விலையோ வரியெல்லாம் சேர்த்து சுமார் 2,100 பவுண்டுதான். இதே வேகம் போகும் மற்ற கார்களுக்கு இதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டிய காலம் அது.

1961 முதல் 1964 வரை தயாரான இந்த 3.8 லிட்டர் மாடலில் திறந்த கார்கள் மொத்தம் 7,827. அவற்றில் வலதுகை ஸ்டியரிங் எத்தனை என்று நினைக்கிறீர்கள்? வெறும் 942! பிறந்த ஊர் இங்கிலாந்து, அங்கே நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆனாலும் கார்களில் பெரும்பங்கு கப்பலேறி அமெரிக்கா போய்விட்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும், அதனால் ஏற்றுமதிதான் முதலில் என்பது அந்தக் காலத்து இங்கிலாந்தின் நிலைமை.

பிரச்சினையின் வேர் இங்கேதான். 1980-களில் பழைய கார்களின் விலை மளமளவென்று ஏறியபோது, அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் துருப்பிடிக்காமல் கிடந்த இடதுகை ஈ-டைப்புகளை வியாபாரிகள் இங்கிலாந்துக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஸ்டியரிங்கை வலதுபக்கம் மாற்றினார்கள். இது ஒன்றும் குற்றமில்லை. "மாற்றிய கார்" என்று சொல்லி விற்றால் வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார். சொல்லாமல் "பிறவியிலேயே வலதுகை" என்று விற்றால்? ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டி விலை போகிற சந்தையில் அந்த ஒரு வார்த்தைக்கே தனி விலை இருக்கிறது.

நம்பரின் இலக்கணம்

நல்லவேளையாக ஜாகுவார் காரர்கள் ஒரு உபகாரம் செய்திருக்கிறார்கள். ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பது சேஸிஸ் நம்பரிலேயே தெரிந்துவிடும். வலதுகை திறந்த கார் 850001-ல் தொடங்கும், இடதுகை என்றால் 875001. மூடிய கூபே கார் வலதுகைக்கு 860001, இடதுகைக்கு 885001. ஆக, கண்ணெதிரே ஸ்டியரிங் வலதுபக்கம், நம்பரோ 876 என்று தொடங்குகிறது என்றால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம், அது மாற்றப்பட்ட கார். 1964 அக்டோபரில் 4.2 லிட்டர் எஞ்சின் வந்தபோது நம்பர் முறையே மாறிவிட்டது. அது வேறு கதை.

எஞ்சின் நம்பருக்கும் இலக்கணம் உண்டு. 3.8 எஞ்சினில் 'ஆர்' என்ற எழுத்து முன்னால் வரும், கடைசியில் ஒரு கோடு போட்டு 8 அல்லது 9 இருக்கும். அது என்ன தெரியுமா? கம்ப்ரெஷன் ரேஷியோ! 9 என்றால் 9:1. (நம் வண்டிகளிலும் இப்படி எழுதிவைத்தால் வைவா எவ்வளவு சுலபமாக இருக்கும்!) பாடி நம்பரில் திறந்த காருக்கு 'ஆர்', கூபேக்கு 'வி'. கியர்பாக்ஸ் நம்பர் 'ஈ.பி.' என்று ஆரம்பிக்கும்.

இந்த நான்கு நம்பர்களையும் ஒரு சின்ன அலுமினியத் தகட்டில் அடித்து எஞ்சின் அறையில் ரிவெட் வைத்திருப்பார்கள். கார் பார்க்க வருகிறவர்கள் முதலில் படிப்பது அந்தத் தகட்டைத்தான். கடைசியாக நம்ப வேண்டியதும் அதைத்தான் என்பேன். ஏனென்றால் புதுத் தகடு, எழுத்தே இல்லாத வெற்றுத் தகடு, இன்று கடையில் கிடைக்கிறது. வாங்கி, எண் பஞ்ச் வைத்து நாலு தட்டு தட்டினால் முடிந்தது வேலை.

ஆகவே இரும்பில் நேரடியாகக் குத்தியிருப்பதைத் தேட வேண்டும். எஞ்சின் நம்பர் பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே இருக்கும். அதே நம்பர் சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கமும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் ஹெட்டோ பிளாக்கோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அறுபது வருஷத்தில் ஒருமுறையாவது எஞ்சின் கொதித்து ஹெட் போயிருந்தால் ஆச்சரியமில்லை. கியர்பாக்ஸுக்கும் பெட்டி மேல் ஒன்று, மூடி மேல் ஒன்று என இரண்டு இடத்தில் நம்பர் உண்டு. அந்தப் பழைய மாஸ் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது, ஓட்டுவது பாடு. அதனால் பல பேர் பின்னால் வந்த 4.2 காரின் கியர்பாக்ஸை மாட்டிக்கொண்டார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலும் கையும் வலித்தால் மனுஷன் என்ன செய்வான்? பழைய பெட்டியைத் தூக்கிப் போடாமல் பரணில் வைத்திருந்தால் புண்ணியம்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருவோம். சேஸிஸ் நம்பர் எங்கே இருக்கிறது?

இங்கே கொஞ்சம் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஈ-டைப்புக்கு லாரி மாதிரி நீளமான சேஸிஸ் கிடையாது. நடுவில் ஆட்கள் உட்காரும் பகுதியும் பின்பகுதியும் ஒரே தகட்டுக் கூடு, மோனோகாக். அதன் முன்சுவரில், அதாவது பல்க்ஹெட்டில், எஞ்சினைத் தாங்கும் குழாய்ச் சட்டங்களை போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். விமானங்களைப் பார்த்துக் கற்ற வித்தை. இதை வரைந்த மால்கம் சேயர் முன்பு விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தக் குழாய்ச் சட்டங்களின் முன்முனையில் குறுக்கே ஒரு சதுரச் சட்டம் உண்டு. பார்க்கப் படத்துக்கு ஃப்ரேம் போட்டது மாதிரி இருப்பதால் மெக்கானிக்குகள் அதைப் 'பிக்சர் ஃப்ரேம்' என்றே கூப்பிடுகிறார்கள். சேஸிஸ் நம்பர் குத்தியிருப்பது அதன் மேல்தான், வலப்பக்கம், ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு மேலே.

பிடிபட்டதா விஷயம்? காரின் சட்டப்படியான அடையாளமே ஸ்பேனர் வைத்துக் கழற்றக்கூடிய ஒரு பாகத்தின் மேல் இருக்கிறது! முன்பக்கம் மோதினால் முதலில் வளைவதும் அதுவே. வளைந்தால் புதுசு வாங்கி மாட்டுவார்கள். புதுசு நம்பர் இல்லாமல் வெறுமையாகத்தான் வரும். பழைய நம்பரைப் பார்த்து மெக்கானிக் புதிதாகக் குத்துவார். இது நியாயமான ரிப்பேர். ஆனால் இதே கதவு வழியாகத்தான் திருடனும் உள்ளே வருகிறான். துருப்பிடித்துச் செத்துப்போன ஒரு வலதுகை காரின் பிக்சர் ஃப்ரேமை மட்டும் கழற்றி, நல்ல நிலையிலுள்ள ஒரு இடதுகை காரில் மாட்டி, ஸ்டியரிங்கை மாற்றிவிட்டால்? நம்பர் அசல். குத்தியது தொழிற்சாலையேதான். எத்தனை பென்சில் தேய்த்தாலும் பொய் தெரியாது. கார் மட்டும் வேறு கார்!

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பாடி நம்பருக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள். அது கழற்றி மாட்டும் சட்டங்களோடு சேர்ந்தது இல்லை, கூட்டோடு சேர்ந்தது. சேஸிஸ் நம்பரும் பாடி நம்பரும் ஒரே காரைச் சொல்கின்றனவா என்று பார்த்தால்தான் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடந்த கல்யாணம் தெரியவரும். ஆனால் ஒரு தொல்லை. பாடி நம்பர் எவ்வளவு என்று தெரிந்திருந்தால்தானே ஒப்பிட முடியும்? அதற்கு லெட்ஜர் வேண்டும்.

லெட்ஜர் சொல்லும் சாட்சி

ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் ஒவ்வொரு காருக்கும் பேரேட்டில் ஒரு வரி எழுதி வைத்தார்கள். அந்த ஏடுகள் அழியாமல் இருக்கின்றன. 1983-ல் தொடங்கப்பட்ட ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் என்ற அமைப்பு அவற்றைக் காத்து வருகிறது. காரின் சொந்தக்காரர் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் அந்த வரியைப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். சேஸிஸ், எஞ்சின், பாடி, கியர்பாக்ஸ் நம்பர்கள், வெளி நிறம், உள் அலங்கார நிறம், தயாரித்த தேதி, அனுப்பிய தேதி, எந்த டிஸ்ட்ரிப்யூட்டருக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏட்டில் இருந்தால் முதல் உரிமையாளர் பெயரும் வரும். லண்டன் ஹென்லீஸ் என்று இருந்தால் உள்நாட்டுக் கார். ஆஸ்திரேலியாவின் பிரைசன் என்று இருந்தால் கடல் தாண்டிய வலதுகைக் கார்.

ஆனால் இந்தச் சான்றிதழைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் பரவலாக இருக்கிறது. "சர்டிபிகேட் இருக்கு, அப்புறம் என்ன?" என்கிறார்கள். டிரஸ்டில் இருப்பவர்கள் காரை நேரில் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பதில்லை! 1961-ல் அந்த நம்பரில் எப்படிப்பட்ட கார் போனது என்று மட்டுமே அந்தத் தாள் சொல்கிறது. இன்று உங்கள் முன்னால் நிற்பது அந்தக் கார்தானா என்று அது சொல்லாது. சொல்லவும் முடியாது. ஜாதகம் கையில் இருக்கிறது, மாப்பிள்ளை யார் என்று நாம்தானே பார்க்க வேண்டும்?

இடையில் இருக்கும் அறுபது வருஷத்துக்கு வேறு காகிதங்கள் உதவும். இங்கிலாந்தில் முன்பு நம் ஆர்.சி. போலவே ஒரு பதிவுப் புத்தகம் இருந்தது. கார் கைமாறும்போதெல்லாம் புதுச் சொந்தக்காரர் பெயர் ஏறிக்கொண்டே போகும். அந்தப் பழைய புத்தகத்தைச் சிலர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உள்ளாட்சி அலுவலகங்களின் பழைய பதிவேடுகள் சில மாவட்ட ஆவணக் காப்பகங்களில் கிடைக்கின்றன. சர்வீஸ் பில், இன்ஷூரன்ஸ் தாள், கல்யாணத்தன்று கார் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ என்று எதையும் தள்ளக்கூடாது. 1964-ல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று தெரிந்தால், நூறு வாதத்தை அது ஒன்றே முடித்துவிடும்.

தேய்த்தாலும் அழியாதது

இனி நம் படிப்புக்கு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி. நம்பரைக் கிரைண்டிங் செய்து அழித்துவிட்டு வேறு நம்பர் குத்தினால் பழையது போய்விடுமா?

போகாது. முழுசாகப் போகாது.

மெட்டீரியல்ஸ் வகுப்பில் 'கோல்ட் வொர்க்கிங்' என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? (பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம் என்பது வேறு விஷயம்.) பஞ்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. பள்ளத்துக்கு அடியில் இருக்கும் இரும்பின் மணிகளும் நசுங்கி உருமாறுகின்றன. அந்த நசுங்கல் பள்ளத்தின் ஆழத்தைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கும். மேலே தேய்த்துச் சமமாக்கினால் பள்ளம் போகும், நசுங்கிய பகுதி உள்ளேயே தங்கும். அந்த இடத்தைக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்து, குப்ரிக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தண்ணீரும் கலந்த 'ஃப்ரை' கரைசலைப் பஞ்சில் தொட்டுத் தடவினால், நசுங்கிய இரும்பும் நசுங்காத இரும்பும் அமிலத்தோடு ஒரே மாதிரி வினைபுரியாது. நிற வித்தியாசம் உண்டாகும். பழைய எண் ஆவி மாதிரி மெல்ல மேலே எழும்! போலீஸ் தடய அறிவியல் கூடங்களில் திருட்டு வண்டிக்கும் துப்பாக்கிக்கும் இதே முறைதான். வார்ப்பிரும்பில் இரும்புத் தகட்டைவிடச் சிரமம் அதிகம். ஆழமாகத் தேய்த்துவிட்டாலோ, வெல்டிங் பற்றவைத்து நிரப்பிவிட்டாலோ பலிக்காமல் போகலாம். சூடு பட்டால் நசுங்கிய மணிகள் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும், அனீலிங் ஆகிவிடும். ஆனால் நம்பர் குத்தும் இடத்தில் வெல்டிங் தடம் ஏன் வந்தது என்று கேட்கலாமே? அதற்குப் பதில் சொல்லத்தான் விற்பவர் திணறுவார்.

இதை எல்லாரும் செய்யக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமிலம் ஒருமுறை பட்ட இடம் பட்டதுதான். கார் இன்னொருவருடையது. முதலில் பென்சில் அச்சு, பிறகு பூதக்கண்ணாடி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த டார்ச். இவையே பெரும்பாலும் போதும். தொழிற்சாலையில் கையால் குத்திய எண்கள் வரிசையாக நிற்காது. ஒன்று ஏறி, ஒன்று இறங்கி, ஒன்று சாய்ந்து நிற்கும். அளவெடுத்த மாதிரி அழகாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பானெட்டின் பூட்டு

நம்பர் மட்டும் பார்த்துவிட்டுப் போவது பாதி வேலை. கார் தன் உடம்பிலேயே வயசைச் சொல்லும்.

முதலில் வந்த சுமார் 500 ஈ-டைப்புகளில் பானெட்டைத் திறக்கும் பூட்டு வெளியே பக்கவாட்டில் இருந்தது. 'டி' வடிவச் சாவி ஒன்றை விட்டுத் திருகித்தான் திறக்க வேண்டும். பிறகு உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடியாக மாற்றிவிட்டார்கள். வலதுகை திறந்த காரில் 850091 வரைதான் வெளிப்பூட்டு. கூட்டிப் பாருங்கள், மொத்தமே 91 கார்கள்! வலதுகை கூபேயில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே முதல் கார்களில் பானெட்டின் மேலுள்ள காற்றுத் துளைப் பகுதியைத் தனியாகச் செய்து வெல்டிங் வைத்திருந்தார்கள். பின்னால் தகட்டிலேயே சேர்த்து அழுத்திவிட்டார்கள். தரையும் அப்படித்தான். 1962-ன் தொடக்கம் வரை கால் வைக்கும் தரை ஒரே மட்டம். உயரமானவர்கள் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது என்று புலம்பியதால் பின்பு குழி விட்டார்கள். டாஷ்போர்டின் நடுவே புள்ளி புள்ளியாக அச்சிட்ட அலுமினியத் தகடு இருந்தால் ஆரம்ப கால 3.8. சிலிண்டர் ஹெட்டின் மேல் பொன்னிற பெயிண்ட். லூகாஸ் கம்பெனியின் டிஸ்ட்ரிப்யூட்டர், ஸ்டார்ட்டர் போன்ற பாகங்களில் மாதமும் வருஷமும் குத்தியிருக்கும். 1961 ஜூலையில் தயாரான காரில் 1963 ஸ்டார்ட்டர் இருந்தால் அது பின்னால் மாட்டியது. 1961 மே என்று இருந்தால் சந்தோஷம்.

இந்த மாற்றங்கள் எந்த நம்பரிலிருந்து வந்தன என்று பார்க்க ஜாகுவாரே அச்சிட்ட உதிரிபாகப் பட்டியல் இருக்கிறது. ஜே.30 என்பது அதன் எண். பாகத்துக்கு எதிரே "இந்த சேஸிஸ் வரை, இந்த சேஸிஸ் முதல்" என்று போட்டிருக்கும். ஆனால் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களும் உண்டு. ஷாப் ஃப்ளோரில் ஒரு நாளாவது நின்றவருக்குத் தெரியும், மாற்றம் அப்படிக் கத்தி வைத்து வெட்டினாற்போல் வராது. பழைய ஸ்டாக் ஒரு மூலையில் பாக்கி இருக்கும், அதையும் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். நம்பர் வரிசைப்படியே கார்கள் லைனை விட்டு வெளியே வருவதுமில்லை. ஒரு சின்ன பாகம் பட்டியலுக்கு நாலு நம்பர் தள்ளி இருந்தால் அது மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எல்லாமே பட்டியலுக்கு அச்சு அசலாகப் பொருந்தியிருந்தால், யாரோ பட்டியலைப் பார்த்தே காரைக் கட்டியிருக்கலாம் என்றும் யோசியுங்கள்.

வெளிப்பூட்டு பானெட் புதிதாகவே செய்து கிடைக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. பாகத்தை மட்டும் பார்க்காமல் பாகமும் காரும் சேர்ந்தே வயசாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இடதுகையிலிருந்து மாற்றிய காரில் தடயம் எங்கே கிடைக்கும்? டாஷ்போர்டைக் கழற்றினால் பல்க்ஹெட் தெரியும். ஸ்டியரிங் தண்டும் பெடல்களும் முன்பு இருந்த பக்கத்தில் அடைத்த துளை, வெல்டிங்கைத் தேய்த்து மேலே பட்டி பூசிய மேடு, ஒட்டுப் போட்ட வயர். மேலே ஆறு கோட் பெயிண்ட் அடிக்கிறவர்கள் கம்பளத்துக்கு அடியில் அவ்வளவு சிரமப்படுவதில்லை. அங்கேதான் முதல் நிறமும் ஒளிந்திருக்கும். சான்றிதழில் 'ஒபலெசென்ட் டார்க் ப்ளூ' என்று இருந்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் சிவப்பு தெரிந்தால், உங்களிடம் இருக்கும் காகிதமும் காரும் ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாதவை. பாடி முழுக்க இரும்புத் தகடு என்பதால் ஒரு சாதாரண காந்தம் போதும், பட்டி எங்கே தடிமனாக இருக்கிறது என்று சொல்லிவிடும். செலவு பத்து ரூபாய்.

அசல் என்றால் என்ன?

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பாகமெல்லாம் மாறிக்கொண்டே வந்த காரை அசல் என்று சொல்லலாமா? இங்கிலாந்தில் இது கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. 1929, 1930 என்று இரண்டு வருஷம் தொடர்ந்து லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி. பந்தயத்துக்காகவும் பின்பும் அதைப் பலமுறை பிரித்துக் கட்டியதில் ஆரம்பத்து இரும்பு கொஞ்சம்தான் மிச்சம். அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், "இது அந்தக் காரே இல்லை" என்று பின்வாங்கினார்கள். 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றம் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தது. பாகங்கள் மாறினாலும் காரின் வரலாறு எங்கேயும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறு காரும் இல்லை, ஆகவே இதுதான் ஓல்டு நம்பர் ஒன் என்பது நீதிபதியின் முடிவு.

எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. ரிப்பேர் ஆன கார் கேவலமில்லை. 850003-ன் பிக்சர் ஃப்ரேமை நாளைக்கு யாராவது மாற்றினால் கூட, மாற்றியதற்குப் பில்லும் போட்டோவும், கழற்றிய பழைய சட்டமும் இருந்தால், அது நார்மன் டூயிஸ் ராத்திரியில் ஓட்டிப்போன கார்தான். அவையெல்லாம் இல்லாமல் அதே வேலையைச் செய்தால் அதே காருக்குச் சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். நிஜமான கார்களே இப்படிச் சாட்சியை இழக்கின்றன. பழுது பார்க்கிறேன் என்று முதல் நாளே சாண்ட் பிளாஸ்டிங் செய்து, பவுடர் கோட்டிங்கை நம்பர் மேலேயே கெட்டியாக ஏற்றி மூடிவிடுகிறார்கள். பழைய பெயிண்ட், பழைய ரிவெட், சாய்ந்து நின்ற அந்த எண்கள் எல்லாம் ஒரே மத்தியானத்தில் போய்விடும். கண்காட்சியில் முதல் பரிசு கிடைக்கும். இருபது வருஷம் கழித்து ஒருவர் கேள்வி கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால்தான் நல்ல ரெஸ்டோரேஷன் கடைகளில் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேமராவைத் தொடுகிறார்கள். கழற்றிய ஒவ்வொரு சாமானுக்கும் சீட்டுக் கட்டி அலமாரியில் வைக்கிறார்கள்.

வாங்கப் போகிறவருக்கு ஒரு கடைசி விஷயம். அந்த ஹெரிட்டேஜ் சான்றிதழை யார் வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது. கார் தன்னுடையது என்று நிரூபித்த சொந்தக்காரருக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். ஆகவே பணம் கைமாறுவதற்கு முன்பு விற்பவரைத்தான் விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டும். வந்த சான்றிதழை ஒரு கையிலும் பென்சிலை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு பானெட்டைத் திறக்க வேண்டும். "அதெல்லாம் எதுக்கு சார், நம்பர்தான் தகட்டுலயே இருக்கே" என்று விற்பவர் இழுத்தால், எங்கள் மாமா செய்த மாதிரி டீயைக் கூட வேண்டாமென்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடலாம்.